'தி லஞ்ச்பாக்ஸ்': அடக்கி வாசித்தவர்கள் செய்த வேலை

ரித்தேஷ் பத்ரா எழுதி இயக்கிய ‘தி லஞ்ச்பாக்ஸ்’ 2013ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதன்முறையாகத் திரையிடப்பட்டு, அங்கே பார்வையாளர் விருதையும் பெற்று, அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அன்றிலிருந்து இப்படத்தைப் பற்றி எழுதப்படும் பாராட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: இர்ஃபான் கான் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார். நல்லெண்ணத்தில் எழுதப்படுவதுதான், ஆனால் நடிகருக்கு அதில் மரியாதை குறைவு. 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெறும் தறுவாயில் இருப்பவராக, மனைவியை இழந்து பாந்த்ராவின் பழைய கிறித்தவக் குடியிருப்பில் தனியே வசிப்பவராக அவர் இப்படத்தில் நடித்தபோது அவருக்கு வயது 45ஐ ஒட்டியே இருந்தது. ஜெய்ப்பூரில் பிறந்து, தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, தொலைக்காட்சித் தொடர்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்து மேலே வந்தவருக்கு அந்த அலுவலக வாழ்க்கையில் எந்தப் பங்கும் இல்லை. அவர் செய்தது முழுக்க முழுக்க நடிப்பு. அந்த நடிப்பு எவற்றால் ஆனது என்பதைக் கூர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிட முடிகிறது என்பதே இப்படத்தைப் பரிந்துரைக்க எனக்குள்ள முதல் காரணம். கதையை நான் இங்கே மறைக்கப்போவதில்லை. வெளிவந்து பத்தாண்டுகளைக் கடந்துவிட்ட படம் இது. தவிர, இதன் சுவை திருப்பங்களில் இல்லை.

கதை சிறியது. மும்பையின் டப்பாவாலாக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, வீட்டில் சமைத்த மதிய உணவை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, காலி டப்பாவை அன்றே வீட்டுக்குத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறார்கள். மிதிவண்டி, தள்ளுவண்டி, புறநகர் ரயில் எனக் கைமாறிப் போகும் அந்த டப்பா, மேலே எழுதப்பட்ட சில எழுத்துகளையும் எண்களையும் மட்டும் நம்பி ஊரைக் கடக்கிறது. இன்றைய இங்கிலாந்து மன்னர் சார்லஸ், இளவரசராக இருந்த காலத்தில், 2003இல் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு இது. தவறே நேராது என்று பெயரெடுத்ததும்கூட. அங்கே ஒரு தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. தன்னை விட்டு விலகிக்கொண்டிருக்கும் கணவன் ராஜீவை வாய்க்கு ருசியாகச் சமைத்தாவது திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கும் இலா கொடுத்தனுப்பிய டப்பா, இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் சாஜன் ஃபெர்னாண்டஸின் மேசைக்குப் போகிறது. உணவகத்திலிருந்து சாஜனுக்கு வரவேண்டிய உருளைக்கிழங்கு – காலிஃபிளவர் கறி ராஜீவிடம் போகிறது. மாலையில் கணவன் காலிஃபிளவரைப் பாராட்டும்போதே இலாவுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. மறுநாள் சப்பாத்திக்கு நடுவே ஒரு கடிதம் வைக்கிறாள், பதில் வருகிறது. அதற்குப் பிறகு இருவரும் சந்திக்காமலேயே படம் முழுவதும் எழுதிக்கொள்கிறார்கள்.

முதல் டப்பா சாஜனின் கைக்கு வரும் காட்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அலுவலகக் கேன்டீனில், வழக்கமான மேசையில், வழக்கமான அலுப்போடு அவர் அடுக்குகளைக் கழற்றுகிறார். பல ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்த கைகள் எப்படிக் கண்ணின் துணையில்லாமலேயே அதைச் செய்யுமோ அப்படிச் செய்கின்றன. பிறகு கைகள் சற்றுத் தயங்குகின்றன. மணம் வேறாக இருக்கிறது. முகத்தை டப்பாவுக்கு அருகே கொண்டுபோகிறார், முகர்ந்து பார்க்கிறார், சுவைக்கிறார். நம் வழக்கமான படங்களில் இந்த இடத்தில் புருவம் உயரும், கண் மூடும், ‘ஆஹா’ என்ற ஒலி வரும், பின்னணியில் வீணையோ புல்லாங்குழலோ கூடச் சேர்ந்துகொள்ளும். இங்கே சாஜன் சாப்பிடும் வேகம் மட்டும் மாறுகிறது. கடமைக்குச் சாப்பிட்டவர் இப்போது கவனித்துச் சாப்பிடுகிறார். அவருக்கு உணவு பிடித்திருக்கிறது என்ற செய்தி முகத்திலிருந்து நமக்கு வருவதில்லை. கைக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தாளத்திலிருந்து வருகிறது. அன்று வீடு திரும்பும் வழியில் உணவகத்துக்காரரிடம் போய் இன்றைய சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருகிறார் பாருங்கள், அப்போதும் குரலில் கோப்பில் கையெழுத்திடும் அளவுக்கான உணர்ச்சியே இருக்கிறது. பாராட்டிப் பழக்கமில்லாத ஒரு மனிதர் பாராட்ட முயல்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அவரது முதல் பதில் கடிதம் அந்த மனிதரிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியதுதான்: உணவில் இன்று உப்பு மிகவும் அதிகம். கணவன் திரும்பிப் பார்க்காத சமையலை முன்பின் தெரியாத ஒருவர் டப்பாவை வழித்துத் தின்றதில் மகிழ்ந்திருந்த இலாவுக்கும், மாடி வீட்டு தேஷ்பாண்டே ஆன்ட்டிக்கும் அது பொறுக்கவில்லை. அடுத்த நாள் டப்பாவில் மிளகாய் தூக்கலாகப் போகிறது. அதற்கு வரும் பதிலில், உப்பு சரியாக இருந்தது, காரம்தான் சற்று அதிகம், வாழைப்பழம் தின்று சமாளித்தேன் என்று அதே அலுவலகத் தொனியில் எழுதுகிறார். நகைச்சுவை எழுத்தில் இருக்கிறது. ஆனால் இர்ஃபான் அதை நகைச்சுவையாக வாசிப்பதில்லை. கடிதங்களை அவர் வாசிக்கும் குரல், படம் நெடுக, ஓர் அறிக்கையை வாசிக்கும் குரலிலிருந்து சிறிது சிறிதாக இறங்கி, யாரிடமோ பேசும் குரலாக மாறுகிறது. எந்தக் கடிதத்தில் அது மாறியது என்று விரல்வைத்துக் காட்ட முடியாதபடி மாறுகிறது.

இர்ஃபானின் முதல் படமான மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’யில் (1988) அவருக்குக் கிடைத்தது, தெருவோரம் அமர்ந்து எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவரின் சிறு வேடம். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதே ஊரில் அவர் தனக்காகக் கடிதம் எழுதுகிற வேடம் வந்து சேர்ந்தது. இடையில் ‘மக்பூல்’ முதல், தேசிய விருது பெற்றுத் தந்த ‘பான் சிங் தோமர்’ வரை அவர் கோபத்தையும் ஓட்டத்தையும் போதுமான அளவு காட்டியிருக்கிறார். அவரால் உரக்கவும் நடிக்க முடியும் என்று தெரிந்திருப்பதால்தான் சாஜன் ஃபெர்னாண்டஸின் அமைதி வெறுமையாகத் தெரியாமல், பிடித்து நிறுத்திவைக்கப்பட்டதாகத் தெரிகிறது. வீட்டுக்கு எதிரே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிற இடங்களில் அந்தப் பிடி சற்றுத் தளர்கிறது. அதே மனிதர் இரவில் பால்கனியில் நின்று புகைத்தபடி, எதிர்வீட்டுக் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து உண்பதைப் பார்க்கிறார். அந்த வீட்டுச் சிறுமி சன்னலைச் சாத்துகிறாள். சன்னல் சாத்தப்பட்ட பிறகும் அவர் அங்கேயே நிற்கிறார். தனிமை என்ற சொல் எங்குமே உச்சரிக்கப்படவில்லை.

நவாசுதீன் சித்திக்கியின் ஷேக் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறார் என்பதைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. சாஜனின் இடத்துக்கு வரப்போகும் புதியவர் ஷேக். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டவர். ஓயாமல் பேசுபவர், சிரிப்பவர், குழைபவர், அலுவலகக் கோப்பின் மேல் வைத்தே ரயிலில் காய்கறி நறுக்குபவர். எழுத்திலேயே மிகையான ஒரு பாத்திரம். இதை அடக்கி வாசிப்பது என்றால் பேச்சைக் குறைப்பது என்று பொருளாகாது. ஷேக் பேசிக்கொண்டே எதிராளியின் முகத்தைக் கண்காணிக்கிறார். தன் ஒவ்வொரு சொல்லும் எப்படி வாங்கப்படுகிறது என்று பார்த்துப் பார்த்து அடுத்த சொல்லைத் தேர்கிறார். வாழ்க்கை முழுவதும் யாருடைய தயவிலாவது இருந்து பழகிய ஒருவரின் கண்கள் அவை. எங்கள் அம்மா சொல்வார் என்று அடிக்கடி மேற்கோள் காட்டுபவரிடம், நீ அநாதை என்றாயே என்று சாஜன் கேட்கும்போது, அப்படிச் சொன்னால் பேச்சுக்கு ஒரு கனம் வருகிறது சார் என்று விளக்குகிறார். நவாசுதீன் அந்த வரியைச் சோகமாகச் சொல்லவில்லை. ஒரு தொழில் நுணுக்கத்தைப் பகிர்ந்துகொள்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். ஷேக்கின் திருமணப் புகைப்படத்தில் மணமகன் தரப்பில் சாஜன் ஒருவரே நிற்கும்போது அந்த வரியின் முழு எடையும் வந்து இறங்குகிறது. 2014 ஃபிலிம்ஃபேர் விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது இந்த வேடத்துக்காக அவருக்குக் கிடைத்தது. துணை என்ற பிரிவு சற்றுப் பொருத்தமற்றது. இவர் இல்லாவிட்டால் படத்தின் முதல் பாதியில் இர்ஃபானுக்கு மோதுவதற்கு எதுவுமே இருந்திருக்காது.

இலாவாக நடித்த நிம்ரத் கௌருக்குக் கிடைத்த வேலை இம்மூவரில் கடினமானது. அவருடைய காட்சிகளில் பெரும்பகுதி ஒரு சிறிய சமையலறைக்குள் நடக்கிறது. உடன் நடிக்கும் ஆள் திரையில் இல்லை. மாடி வீட்டு தேஷ்பாண்டே ஆன்ட்டியை நாம் கடைசிவரை பார்ப்பதே இல்லை. அவருடைய குரலும், சன்னலுக்கு வெளியே கயிற்றில் இறங்கி வரும் கூடையும்தான் உண்டு. அந்தக் குரல் பாரதி ஆச்ரேகருடையது. ‘வாக்லே கி துனியா’ பார்த்து வளர்ந்த தூர்தர்ஷன் தலைமுறைக்குக் கேட்டவுடன் அடையாளம் தெரிந்துவிடும் குரல் அது. சமையல் குறிப்பு, கண்டிப்பு, வம்பு, ஆறுதல் எல்லாம் ஒரே சுருதியில் மேலிருந்து விழுகின்றன. ஆண்டுக்கணக்கில் நினைவின்றிப் படுத்திருக்கும் தன் கணவர் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும், அதனால் விசிறியை நிறுத்தாமலேயே துடைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அதே குரலில், மசாலா இன்னும் கொஞ்சம் போடு என்று சொல்லும் தொனியிலேயே அவர் சொல்கிறார். நிம்ரத் இதற்கெல்லாம் முகத்தைச் சற்றே மேல்நோக்கித் திருப்பிப் பதில் சொல்கிறார். கை அடுப்பில் வேலையை நிறுத்துவதில்லை. தாலாட்டிக்கொண்டே பேசும் தாயைப்போல, வேலையும் பேச்சும் ஒன்றையொன்று கலைப்பதில்லை. கணவனின் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது முகர்ந்து பார்த்து அவனுக்கு வேறொரு தொடர்பு இருப்பதை உணரும் இடத்திலும் அவர் அழுவதில்லை. சட்டையைப் பிடித்திருக்கும் கை மட்டும் அதைக் கீழே போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாமல் நிற்கிறது. டப்பாவை முகர்ந்த சாஜனும் சட்டையை முகர்ந்த இலாவும் ஒரே புலனால் எதிரெதிர்ச் செய்திகளைப் பெறுகிறார்கள் என்பதை இயக்குநர் எங்கும் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. இதைக் கவனிப்பதும் கவனியாமல் விடுவதும் நம் பாடு.

லில்லெட் துபே இலாவின் அம்மாவாகச் சில நிமிடங்களே வருகிறார். நெடுநாள் நோயில் கிடந்த கணவர் இறந்துபோன வீட்டில் மகளிடம் அவர் சொல்வது இதுதான்: இவர் போய்விட்டால் என்ன ஆவேனோ என்று எப்போதும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், இப்போது பசிதான் எடுக்கிறது, பராட்டா சாப்பிட வேண்டும்போல இருக்கிறது. நம் ஊர்ப் படங்களில் சாவு வீடு என்றால் மார்பில் அடித்துக்கொள்ளும் ஓலம் ஒரு மரபு. அந்த மரபுக்கும் அதற்கேயான உண்மை உண்டு, அதைக் குறைசொல்ல இங்கே இடமில்லை. ஆனால் பல ஆண்டுகள் மருந்தும் மலமூத்திரமுமாக ஒருவரைப் பார்த்துக்கொண்டவருக்குச் சாவு முதலில் ஓய்வாக வருகிறது என்பதை இவ்வளவு வெட்கமின்றி, இவ்வளவு களைப்போடு ஒருவர் திரையில் சொல்லி நான் பார்த்ததில்லை. லில்லெட் துபே அந்தச் சொற்களைச் சொல்லும்போது அவருக்கே அவை ஆச்சரியமாக இருக்கின்றன. சொல்லி முடித்த பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு பார்வைகூட இல்லை. படத்தின் மிகச் சிறந்த நடிப்பு எது என்று என்னைக் கேட்டால் இர்ஃபானை விட்டுவிட்டு இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். அதைப் பார்க்கும் நிம்ரத்தின் முகத்தில், தன் வாழ்க்கையின் முடிவுரையை முன்கூட்டியே கேட்டுவிட்டவரின் திகைப்பு இருக்கிறது.

அடக்கமான நடிப்பு நடிகர் ஒருவரால் மட்டும் ஆகிற காரியம் அன்று என்பதையும் இப்படத்தை வைத்துச் சொல்லலாம். ஒளிப்பதிவாளர் மைக்கேல் சிம்மண்ட்ஸ், நியூயார்க் தெருக்களில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ரமீன் பஹ்ரானியின் படங்களில் பணியாற்றியவர். கூட்டத்துக்கு நடுவே நடிகரை நடிகர் என்று தெரியாமல் நிறுத்திவைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். புறநகர் ரயிலில் நிற்கும் இர்ஃபானைச் சுற்றியிருப்பவர்களிலிருந்து கேமரா பிரித்தெடுப்பதில்லை. மாக்ஸ் ரிக்டரின் பின்னணி இசை குறைவாகவே பயன்படுகிறது. ரயிலின் ஓசை, டப்பாக்கள் மோதும் ஓசை, மாடியிலிருந்து வரும் பழைய கேசட் பாட்டு ஆகியவையே அதன் இடத்தை நிரப்புகின்றன. கடிதத்தில் வந்த பெயர் சாஜன் என்று தெரிந்ததும் 1991இல் வந்த ‘சாஜன்’ படத்தின் பாடல்களைப் போடச் சொல்லி ஆன்ட்டியிடம் இலா கேட்பது, இந்தப் படம் தனக்கு அனுமதித்துக்கொள்ளும் சில குறும்புகளில் ஒன்று. இசை இப்படி ஒதுங்கி நிற்கும்போது நடிகரின் ஒரு மூச்சுகூடக் கேட்கிறது. இசையால் நிரம்பிய காட்சியில் இதே மூச்சு வீணாகியிருக்கும்.

இவ்வகைக் கூட்டு உழைப்பு உச்சம் பெறுவது, இருவரும் சந்திக்க முடிவு செய்த உணவகக் காட்சியில். இலா வந்து அமர்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், காத்திருக்கிறாள், மறுபடியும் தண்ணீர். சாஜன் வரவில்லை என்று நாமும் அவளோடு சேர்ந்து நினைக்கிறோம். மறுநாள் அவள் காலி டப்பாவை அனுப்புகிறாள். அதற்குப் பதிலாக வரும் கடிதத்தில்தான் அவர் அங்கே வந்திருந்தார், தூரத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று நமக்குத் தெரிகிறது. அன்று காலை குளியலறையில் தன் தாத்தாவின் மணத்தை உணர்ந்ததாகவும், அது தாத்தாவுடையது அன்று, கிழவனாகிவிட்ட தன்னுடையதே என்று புரிந்ததாகவும், வழியில் ஓர் இளைஞர் ‘அங்கிள்’ என்று அழைத்து எழுந்து இடம் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். ஒரு சாதாரண இயக்குநர் நாயகனின் தயக்கத்தை அந்த உணவகத்தின் வாசலிலேயே அண்மைக் காட்சியில் பிழிந்தெடுத்திருப்பார். பத்ரா அந்தக் காட்சியை நடிகரிடமிருந்து பிடுங்கிப் படத்தொகுப்பிடம் கொடுத்துவிட்டார். பிறகு அது நமக்குக் காட்டப்படும்போது இர்ஃபான் செய்வதெல்லாம் அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பது மட்டுமே. நடந்து முடிந்ததை நாம் ஏற்கெனவே அறிவோம் என்பதால் அதற்குமேல் அவர் எதையும் காட்ட வேண்டிய தேவை இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ராஜீவ் ஒரு மனிதனாகவே எழுதப்படவில்லை. தொலைக்காட்சியையும் கைபேசியையும் பார்த்துக்கொண்டு முறைக்கும் ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். ராஜீவாக நடித்த நகுல் வைதை இதற்குக் குறை சொல்ல முடியாது. அடக்கி வாசிப்பதற்குக்கூட அவருக்கு ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். கைமாறிச் செல்லும் டப்பா ஒருநாள் தவறிப்போகலாம். நாள்தோறும் மாறிக்கொண்டே இருப்பதையும், உணவகச் சாப்பாட்டைத் தொடர்ந்து உண்ணும் கணவனுக்கு எந்தச் சந்தேகமும் வராததையும் கதையின் பொருட்டு நாம்தான் விழுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. டப்பாவாலாவிடம் இலா முறையிடும்போது, இங்கிலாந்து ராஜாவே வந்து பார்த்துப் பாராட்டினார், எங்களிடம் தவறா என்று அவர் மல்லுக்கட்டும் காட்சி சிரிப்பை வரவழைத்து அந்த ஓட்டையை அப்போதைக்கு அடைக்கிறது. மகளோடு மாடியிலிருந்து குதித்து உயிர்விட்ட ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி கதைக்குள் வருவதும், அது இலாவாக இருக்குமோ என்று சாஜன் பதறுவதும் மற்ற இடங்களில் காட்டிய நிதானத்துக்குப் பொருந்தாத பரபரப்பு. இப்படத்திலிருந்து அதிகம் மேற்கோள் காட்டப்படும் வரி, தவறான ரயிலும் சில சமயம் சரியான ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது. அதைப் போலத் தானே மேடையேறி நிற்கும் வரிகள் கடிதங்களில் இன்னும் சில உண்டு. நேற்றைய லாட்டரிச் சீட்டை யாரும் வாங்குவதில்லை என்று சாஜன் எழுதுவதும் அவ்வகையே. அவற்றைவிட, இறந்த மனைவி விரும்பிப் பார்த்த ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ தொடரின் பழைய ஒளிநாடாக்களை இரவெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, எதைத் தேடினேன் என்று முதலில் தெரியவில்லை, தொலைக்காட்சிக் கண்ணாடியில் தெரிந்த அவளது சிரிப்பைத்தான் என்று பிறகு விளங்கியது என அவர் எழுதும் பகுதி எவ்வளவோ மேல். அதில் தத்துவம் இல்லை, ஒரு பிரதிபலிப்பு மட்டும் இருக்கிறது.

படம் வந்தபோது எழுந்த சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு ஆஸ்கருக்கு இந்தியா சார்பில் இதுவே போகும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு ‘தி குட் ரோட்’ என்ற குஜராத்திப் படத்தைத் தேர்ந்தெடுத்தது. அதையொட்டி எழுந்த வாக்குவாதத்தில் படத்தின் வணிக வாய்ப்பு, அமெரிக்க விநியோகஸ்தரின் பலம், யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பவையெல்லாம் விலாவாரியாகப் பேசப்பட்டன; நடிப்பு பேசப்படவில்லை. பிறகு ‘தி லஞ்ச்பாக்ஸ்’ பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகராக இர்ஃபான் தேர்வானார். 2020 ஏப்ரல் 29 அன்று அவர் மறைந்தபோது இப்படத்தின் காட்சிகள் மறுபடியும் எங்கும் சுற்றிவந்தன, கூடவே அந்த ‘வாழ்ந்திருக்கிறார்’ வாக்கியமும். விமர்சனம் எழுதுபவர் ஒரு நடிகரின் கை எங்கே இருந்தது, எதைப் பார்த்தார், எந்த இடத்தில் தாமதித்தார் என்று நான்கு வரி எழுதினால் போதும். வாசகர் அடுத்த படத்தைச் சற்று வேறு மாதிரி பார்ப்பார். நட்சத்திர மதிப்பெண்ணாலும் உயர்வு நவிற்சியாலும் அது நடப்பதில்லை.

இதே பத்ரா, இதே நவாசுதீனோடு சேர்ந்து 2019இல் ‘ஃபோட்டோகிராஃப்’ எடுத்தார். கேட்வே ஆஃப் இந்தியாவில் சுற்றுலாப் பயணிகளைப் படம்பிடித்துப் பிழைக்கும் ஒருவருக்கும், பட்டயக் கணக்காளர் படிப்புக்குத் தயாராகும் ஒரு பெண்ணுக்கும் (சான்யா மல்ஹோத்ரா) இடையிலான உறவு. இங்கும் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள், அடிக்கடி மௌனமாகிறார்கள். ஆனால் அந்த மௌனத்தில் அவர்களுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. கழற்ற ஓர் அடுக்கோ, நறுக்க ஒரு கத்திரிக்காயோ, ஒளித்துவைத்து வாசிக்க ஒரு காகிதமோ தரப்படாத நடிகர் அமைதியாக இருந்தால் அது வெறும் பாவனையாகத் தேய்ந்துவிடுகிறது. சிறுபட்ஜெட் படங்களில் அண்மைக் காலமாகப் பெருகிவரும் வெற்று நோக்குகளை நுணுக்கமான நடிப்பு என்று நாமும் தாராளமாகப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டென்று பிடிபடும்.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். படம் இந்தியிலும் ஆங்கிலத்திலுமாகப் பேசுகிறது. ஓட்டம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள். மூல ஒலியோடு, துணைவசனம் வைத்துப் பாருங்கள். பாரதி ஆச்ரேகரின் குரலே ஒரு பாத்திரம் என்பதால் வேறு குரலில் கேட்டால் படத்தில் கால்பங்கு போய்விடும். கைபேசித் திரையில் பார்க்க ஏற்ற படமும் அன்று. கேன்டீன் காட்சிகளில் சாஜன் வாசிப்பதற்குக் கண்ணாடியை மாட்டும் முன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது போன்றவை அந்த அளவில் தெரியாது. குழந்தைகளோடு சேர்ந்து பார்ப்பதில் சங்கடம் எதுவும் இல்லை, அவர்கள் பொறுமையாக உட்காருவார்களா என்பது வேறு விஷயம். காதலர்கள் கடைசியில் சேர்ந்தார்களா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் ஏமாறுவார்கள். நாசிக்குக்குக் கிளம்பிப் போன சாஜன் திரும்பிவந்து, டப்பாவாலாக்களோடு ரயிலேறி இலாவின் வீட்டைத் தேடிப் புறப்படுவதோடு படம் முடிந்துவிடுகிறது. அந்த முடிவு எனக்குச் சரியாகவே பட்டது; என்னோடு பார்த்தவர்களில் பாதிப் பேர் காசைத் திருப்பிக் கேட்கும் மனநிலையில் இருந்தார்கள். ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் நான்கு தருவேன். மீதமுள்ள ஒன்றை ராஜீவ் பாத்திரத்தை எழுதிய விதத்துக்காகப் பிடித்தம் செய்துகொள்கிறேன். ‘ஃபோட்டோகிராஃப்’ படத்தையும் சேர்த்துப் பார்ப்பதானால் அதை இரண்டாவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்; முதலில் அதைப் பார்த்துவிட்டால் இந்தப் படத்துக்கு வரவே தோன்றாது.